இரண்டு இலக்கம் செய்த கோளாறு

தேதி குறிக்கும்போது 5-6-99 என்று சுருக்கி எழுதுவது நம் வழக்கம். நூற்றாண்டு எது என்பதைப் படிப்பவர் ஊகித்துக்கொள்வார். கணிப்பொறிக்கு ஊகிக்கத் தெரியாது. 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது இதனால் நேர்ந்த சிக்கலையும், அதைத் திருத்திய விதத்தையும் காண்போம்.

முற்காலக் கணிப்பொறிகளுக்குத் துளை அட்டைகளின் வழியே செய்திகளைக் கொடுத்தனர். ஓர் அட்டையில் 80 எழுத்துகளுக்கே இடம் உண்டு. நினைவகமும் விலை மிகுந்தது. ஆகவே ஆண்டின் முதல் இரண்டு இலக்கங்களை விட்டுவிட்டனர். இதைச் சோம்பல் என்று பழிப்பது நியாயமன்று. அது அன்றைய சிக்கனம். அட்டைகள் மறைந்த பின்னும் அப்பழக்கத்தை விடாததே பிழை. அமெரிக்கரான பாப் பெமர் 1971-லேயே இதுபற்றி எழுதி எச்சரித்தார்.

1965-இல் பிறந்த பெண்ணின் வயது 1999-இல் 99 − 65 = 34. அடுத்த ஆண்டில்? 00 − 65 = −65! இது வெறும் வேடிக்கையன்று. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகர மருத்துவமனை ஒன்றில், பிறக்கப்போகும் குழந்தைக்கு டவுன் நோய்க்குறி இருக்கும் வாய்ப்பைக் கணிக்கக் கணிப்பொறியைப் பயன்படுத்தினர். அக்கணிப்புக்குத் தாயின் வயது இன்றியமையாதது. 2000 ஜனவரி முதல் வயது தவறாகவே கணக்கிடப்பட்டது. 150-க்கும் மேற்பட்ட தாய்மாருக்கு, வாய்ப்பு மிகுதியாக இருந்தும் குறைவு என்று முடிவு சென்றது. கணிப்பொறி நின்றுபோயிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அது ஓடிக்கொண்டே இருந்ததால் பிழை வெளிப்படச் சில மாதங்கள் ஆயின.

திருத்த இரண்டு வழிகள் இருந்தன. ஆண்டை நான்கு இலக்கங்களில் எழுதுவது ஒன்று. இதுவே நிலையானது, ஆனால் சேமித்த பதிவுகள் அனைத்தையும், அவற்றைப் படிக்கும் புரோகிராம்களையும் மாற்ற வேண்டும். மற்றது எல்லை வகுக்கும் முறை. 50-ஐ எல்லையாகக் கொண்டால், 00 முதல் 49 வரை 2000-ஐச் சேர்ந்தவை. 50 முதல் 99 வரை 1900-ஐச் சேர்ந்தவை. பழைய பதிவுகளைத் தொட வேண்டியதில்லை, செலவும் குறைவு. ஆனால் 1948-இல் பிறந்த பாட்டி, 2048-இல்தான் பிறப்பார் என்று ஆகிவிடும்! மேலும் இது தவணை வாங்குவதே. 20-ஐ எல்லையாக வைத்த சில புரோகிராம்கள் 2020 ஜனவரியில் மீண்டும் தடுமாறின.

லீப் ஆண்டிலும் ஒரு சிக்கல். திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியார் 1582-இல் அமைத்த நாட்காட்டியின்படி, நூற்றாண்டு முடிவு ஆண்டு 400-ஆல் வகுபட்டால்தான் லீப் ஆண்டு. 1900 லீப் ஆண்டன்று. 2000 லீப் ஆண்டு. 'நூறால் வகுபட்டால் லீப் ஆண்டில்லை' என்பதோடு நிறுத்திக்கொண்டவர்களின் புரோகிராம்களில் 2000 பிப்ரவரி 29 காணாமற்போயிற்று. நான்கால் வகுக்க மட்டுமே அறிந்தவர்களோ தப்பினர்!

இதைப் போன்ற இன்னொரு சிக்கல் 2038-இல் வரும். பல கணிப்பொறிகள் 1970 ஜனவரி 1 முதல் வினாடிகளை எண்ணி நேரம் அறிகின்றன. பழைய அமைப்புகளில் 2,147,483,647-க்கு மேல் எண்ண இடமில்லை. அதன்பின் எண் எதிர்மறையாகித் தேதி 1901-க்குப் போய்விடும். புதிய அமைப்புகளில் இடத்தைப் பெருக்கிவிட்டனர். அந்த எண்ணை ஒரு நாளின் வினாடிகளான 86,400-ஆல் வகுத்துப் பாருங்கள். கிடைக்கும் நாள்களை லீப் ஆண்டுகளை மறவாமல் எண்ணினால், 2038 ஜனவரி 19 என்று விடை வரும்.