தொட்டிக் கள்ளிகளும் அவற்றிற்கேற்ற மண் கலவையும்

கள்ளி என்பது கேட்பாரற்று வேலியோரத்தில் வளரும் செடி, அதற்கு உரமும் வேண்டாம், கவனிப்பும் வேண்டாம் என்னும் எண்ணம் நாட்டுப்புறங்களில் ஊறிப்போயிருக்கிறது. அழகுக்கள்ளிகளைத் தொட்டிகளில் வளர்த்து நகரங்களில் விற்கலாமென்று முதல் போடும் குடும்பத்தார் பலருக்கு நஷ்டம் உண்டாவது இவ்வெண்ணத்தினாலேயே. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழை ஓய்ந்ததும் செடி மேலுக்குப் பச்சையாகவே நிற்கும். அடிப்பாகத்தை விரலால் அழுத்தினால் குழைந்து அமிழும். வேர் அழுகிப் பல நாட்களாகியிருக்கும். இவ்விதம் தொட்டி தொட்டியாக எறிய நேரிடுவது பெரும்பாலும் செடியின் குற்றமன்று, மண்ணின் குற்றம்.

முதலில் எது கள்ளி என்பதைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் தொன்றுதொட்டு வளரும் சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி ஆகியவற்றைக் கீறினால் பால் வடியும். அப்பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு செய்யும். இவை ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அழகுக்கள்ளிகளோ அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் முட்கள் சிறு பஞ்சு மெத்தை போன்ற புள்ளிகளிலிருந்து கொத்தாகக் கிளம்பும். அந்தப் பஞ்சுப் புள்ளியே இக்குடும்பத்தின் அடையாளம். சப்பாத்திக்கள்ளியும் இக்குடும்பத்ததே. முற்காலத்தில் அது தென்னாட்டில் ஏராளமான நிலங்களை அடைத்துக்கொண்டிருந்தது. 1926-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்ட ஒருவகைப் பூச்சி அதன் சாற்றை உறிஞ்சிச் சில ஆண்டுகளிலேயே அதைப் பெரும்பாலும் அழித்துவிட்டது. மனிதர் வெட்டியும் கொளுத்தியும் ஒழியாத அச்செடியைக் கண்டு பழகியவர்கள், அதன் இனத்துச் செடி தொட்டியில் மட்டும் ஏன் இவ்வளவு எளிதில் சாகிறது என்று வியப்பது இயற்கையே.

காரணம் இதுதான். வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். மண் துகள்களின் இடையேயுள்ள சந்துகளில் தண்ணீர் தங்கிவிட்டால் காற்றுக்கு அங்கே இடமில்லை. மற்றச் செடிகள் அத்தண்ணீரை விரைவில் உறிஞ்சி இலைகளின் வழியே ஆவியாக்கி விடுகின்றன. கள்ளிக்கு இலை இல்லை. தன் சுவாசத் துவாரங்களையும் அது வெயிற்காலத்துப் பகலில் மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவிலேயே திறக்கிறது. ஆகையால் அது செலவிடும் தண்ணீர் மிகச் சொற்பம். மல்லிகைத் தொட்டியில் இரண்டு நாளில் காயும் மண், கள்ளித் தொட்டியில் பத்து நாளானாலும் ஈரமாகவே கிடக்கும். அவ்வீரத்தில் பூஞ்சணம் பற்றி வேரைத் தின்றுவிடும்.

வயல் வரப்பில் இதே மண் தீங்கு செய்வதில்லையே எனலாம். வரப்பில் மண்ணின் ஆழம் பல அடி. தண்ணீர் கீழே இறங்கிப் போய்விடுகிறது. தொட்டியின் ஆழமோ நான்கு அங்குலம். கொடியில் காயப்போட்ட வேட்டியைக் கவனித்தால் இது விளங்கும். மேற்பகுதி உலர்ந்த பின்னும் கீழ்க்கரையில் ஈரம் கோத்து நிற்கும். தொட்டி மண்ணின் அடிப்பாகத்திலும் அவ்வாறே ஒரு நனைந்த படுகை தங்குகிறது. மண் எவ்வளவு நயமோ அவ்வளவு உயரத்திற்கு அது நிற்கும். தொட்டியின் அடியில் ஜல்லியைப் பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலரும் நம்பிச் செய்துவருகின்றனர். அது தவறு. நயமான மண்ணிலிருந்து பருத்த ஜல்லிக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. நனைந்த படுகை ஜல்லியின் மேலே நின்றுவிடும். அதாவது வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடும். துவாரத்தை ஓர் ஓட்டுச்சில்லால் மூடினால் போதும். ஜல்லியை அடியில் போடுவதற்குப் பதிலாகக் கலவை முழுவதிலும் கலப்பதே பயன் தரும்.

வெறும் மணலில் நட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கும் விடை இதிலேயே அடங்கியிருக்கிறது. நுண்மணல் நனைந்தால் இறுகிக் காற்றை விலக்கும். கடல் மணலில் உப்பு இருப்பதால் அது எவ்விதத்திலும் உதவாது. வேண்டுவது பருமணல். கேழ்வரகின் பருமனுக்குக் குறையாமலும் துவரையின் பருமனுக்கு மேற்படாமலும் உள்ள துகள்களே உத்தமம். சங்கத்தில் கண் அளவு வேறான இரண்டு சல்லடைகள் பொதுவில் இருந்தால் அங்கத்தினர் அனைவருக்கும் இவ்வேலை இலகுவாகும். ஆற்றுமணல் கிடைப்பது அரிதாகிவிட்ட இடங்களில், சூளையில் ஒதுக்கப்படும் உடைந்த செங்கல்லை நொறுக்கிச் சலித்துக்கொள்ளலாம். நன்கு வெந்த செங்கல் தன்னுள்ளே சிறிது ஈரத்தை வாங்கிவைத்துக்கொண்டு, துகள்களுக்கிடையே காற்றுக்கு வழிவிடும். இந்த ஒரு குணத்தால் அது மணலினும் மேலானது என்றே சொல்லலாம். வேகாத செங்கல் மழையில் கரைந்து களியாகுமாதலால் அதை விலக்க வேண்டும். கருங்கல்லை உடைத்துச் செய்யும் மணலைப் பயன்படுத்துவோர் அதிலுள்ள மாவைச் சலித்துக் கழுவிப் போக்காவிட்டால், சிமெண்டுப் பூச்சுப் போல் தொட்டி இறுகிவிடும்.

சாதாரண உருண்டைக் கள்ளிகளுக்கும் தூண் கள்ளிகளுக்கும் செம்மண் ஒரு கூடை, நன்றாக மக்கிச் சலித்த இலைச்சருகு ஒரு கூடை, பருமணலோ செங்கல் நொறுக்கோ மூன்று கூடை என்று கலப்பது ஏற்றது. கைப்பிடி அடுப்புக்கரித் துண்டுகள் சேர்ப்பதால் தீங்கில்லை. மழை குறைந்த உள்நாட்டுப் பகுதிகளில், மண் தொட்டியில் வைப்பவர்கள், நொறுக்கை இரண்டு கூடையாகக் குறைத்துக்கொள்ளலாம். மண் தொட்டியின் பக்கங்களும் ஈரத்தை ஆவியாக்கும். பிளாஸ்டிக் தொட்டிக்கு அச்சலுகை இல்லை. கரிசல் மண் எவ்வளவு வளமுள்ளதாயினும் ஆகாது. பச்சைச் சாணமும் ஆகாது. தென்னை நார்க்கழிவு மலிவாகக் கிடைக்கிறதென்று அதில் மட்டும் நட்டு அனுப்பும் வழக்கம் சில நாற்றுப்பண்ணைகளில் உண்டு. அது ஈரத்தை நெடுநாள் பிடித்துவைக்கும்.  அவ்விதம் வாங்கிய செடியின் வேரிலிருந்து அதை உதறிவிட்டு, நம் கலவையில் மாற்றி நடுவதே விவேகம்.

கலவை சரியா என்பதை அறியச் செலவில்லாத சோதனை உண்டு. வெறுந்தொட்டியில் கலவையை நிரப்பி ஒரு செம்பு தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் மேலே குளம் கட்டாமல் உடனே இறங்கி அடித்துவாரத்தில் ஒழுக வேண்டும். பிறகு ஈரக் கலவையைக் கையில் பிடித்து இறுக்கித் திறந்தால் அது உதிர்ந்துபோக வேண்டும். கொழுக்கட்டை போல் பிடிபடுமாயின் நொறுக்கு போதாது. அத்தொட்டியைக் கையால் தூக்கி எடையை மனத்தில் வைத்துக்கொண்டு நாள்தோறும் தூக்கிப் பார்த்தால், எத்தனை நாளில் முற்றும் உலர்கிறது என்பது தெரியும். அந்தந்த ஊருக்குத் தண்ணீர் விடும் கணக்கு இதிலிருந்தே கிடைக்கும். ஊற்றும்போது அடியில் ஒழுகும் வரை ஊற்றி, முற்றும் உலர்ந்த பின்னரே மறுபடி ஊற்ற வேண்டும். தினந்தோறும் சிறிது தெளிப்பது கெடுதல்.

நிற்க, எல்லாக் கள்ளியும் பாலைவனத்துச் செடியன்று. இரவில் மலரும் நிஷாகந்தி பல வீடுகளில் இருக்கிறது. அதுவும் கள்ளியே என்றால் நம்பாதவர் உண்டு. அது காட்டு மரங்களின் கிளைகளில் சேர்ந்த மக்கில் வேர்விட்டு வாழ்வது. டிராகன் பழக்கொடியும் மரமேறும் இனத்தது. இவற்றிற்கு இலைமக்கு கலவையில் ஏறக்குறையப் பாதி இருக்க வேண்டும். மண்ணை நெடுநாள் வறளவிடலாகாது. சந்தையில் அதிகம் விலைபோகும் சிவப்பு, மஞ்சள் தலையுள்ள ஒட்டுக்கள்ளிக்கும் இது பொருந்தும். ஜப்பானில் 1941-ஆம் ஆண்டில் தோன்றிய அவ்வகையின் தலையில் பச்சையம் இல்லாமையால் தனித்து வாழ இயலாது. டிராகன் பழக்கொடியின் தண்டில் ஒட்டியே அதை வளர்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவது உருண்டைக் கள்ளியாயினும் மண்ணில் இருக்கும் வேர் கொடியினுடையது. வேருக்கேற்றபடியே கலவை.

இதில் இறங்க விரும்பும் அங்கத்தினர் கடன் தவணையையும் யோசிக்க வேண்டும். விதையிலிருந்து வளரும் கள்ளிகள் பெரும்பாலும் விற்கத்தக்க பருமனை அடைய இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். அறுவடைப் பயிருக்குரிய குறுகிய தவணையில் கடன் வாங்கி விதை போடுபவர், செடி கடுகளவிலிருந்து சுண்டைக்காயளவு ஆவதற்குள் பணம் கட்ட நேரிடும். முதலாண்டில் ஒட்டுச்செடிகளையும் துண்டுகளிலிருந்து வேர்பிடிக்கும் வகைகளையும் சிறு அளவில் வைத்து, அவ்வரவைக் கொண்டு விதைத்தட்டுகளைப் பேணுவது நன்று. துண்டுகளை வெட்டியவுடன் நடலாகாது. நிழலில் ஒரு வாரமோ பத்து நாளோ வைத்து, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பின் உலர்ந்த கலவையில் ஊன்ற வேண்டும். விதையை மண்ணால் மூடலாகாது. வெளிச்சம் பட்டால்தான் பெரும்பாலானவை முளைக்கும்.

தொட்டியின் வாய் செடியின் அகலத்தைவிட ஓர் அங்குலம் கூடுதலாயிருந்தால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். ஐப்பசி பிறக்குமுன் தொட்டிகளைத் தரையிலிருந்து உயர்த்திப் பலகையின் மேல், மழை படாமல் வெளிச்சம் மட்டும் புகும் கூரையின் கீழ் வரிசையாக வைத்துத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். மழைக்காலம் கழிந்ததும் ஒரே நாளில் முழு வெயிலுக்குக் கொண்டுவந்தால் தோல் வெந்து வெளிறிய தழும்பு விழும். அத்தழும்பு மறையாது, விலையும் குறையும். ஆதலால் முதல் வாரம் காலை வெயில் மட்டும் படும்படி வைத்து, சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும்.