கோடை முடிவில் வீட்டுப் பூந்தோட்டம்: பக்கத்து வீட்டையும் சேர்த்துக் கவனியுங்கள்

அக்கினி நட்சத்திரம் முடிந்து ஆனி பிறந்துவிட்டது. நிலக்கோட்டைப் பக்கம் எங்கள் தெருவில் எந்த வாசலைப் பார்த்தாலும் ஒரே காட்சிதான். வெயிலில் கருகிய கனகாம்பரம், முனை காய்ந்த ரோஜா, பூத்துக் களைத்த மல்லிகை. சித்திரை, வைகாசியில் தெருவுக்கே பூக் கொடுத்த வீட்டில் இப்போது ஒரு கைப்பிடி மொட்டு தேறினால் பெரிசு.

இயற்கை வேளாண்மைக்கு வரத் தயங்குகிற நண்பர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு. "ஏக்கர் கணக்கில் இறங்குவதற்கு முன்னால், வாசலில் இருக்கிற நாலு பூச்செடியில் நஞ்சில்லாமல் பழகுங்க. தப்பாப் போனாலும் நட்டம் ஒரு முழம் பூவோட போகும்." போன ஆண்டு கோடை முடிவில் அது ஒரு முழம் பூவோடு போகவில்லை.

எங்கள் மதில் சுவர் ஓட்டைக்குள் கொசுத்தேனீ கூடு கட்டியிருந்தது. கொட்டாது, சத்தமும் இருக்காது. சுவரை ஒட்டித் துளசியும் பத்துமணிப் பூவும் வைத்திருந்தேன். வேறு பூ அதிகம் இல்லாத அந்த வெயில் காலத்தில் தேனீக்களுக்கு அதுதான் சோறு. சுவருக்கு அந்தப் பக்கம் மதினி வீட்டு மல்லிகைப் பந்தல். ஆனியில் ஒரு மழை பெய்ததும் அவர்கள் செடியில் மொட்டெல்லாம் ஊதா நிறமாகி உதிர ஆரம்பித்தது. கடையில் கேட்டு ஒரு மருந்து வாங்கி வந்து சாயங்காலம் அடித்தார்கள். "தம்பி, மிச்சம் கிடக்கு, உங்க செடிக்கும் அடிச்சு விடவா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அதோடு விட்டுவிட்டேன். அவர்கள் செடி, அவர்கள் விருப்பம் என்று நினைத்தேன்.

காற்று இந்தப் பக்கமாக வீசியது. மறுநாள் காலையில் துளசி அடியில் தேனீக்கள் செத்துக் கிடந்தன. ஒரு வாரத்தில் கூட்டு வாயில் நடமாட்டமே இல்லை. மல்லிகைக்குத் தேனீ அவ்வளவாக வராது என்பது உண்மைதான். ஆனால் மல்லிகைக்கு அடித்தது மல்லிகையோடு நிற்பதில்லை. இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவிப் பாயும் நஞ்சுகள் செடியின் சாற்றில் கலந்து, தேனிலும் மகரந்தத்திலும் வந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இந்த வகை நஞ்சு மூன்றைத் திறந்தவெளிப் பயிர்களில் அடிக்கக் கூடாது என்று தடை போட்டது தேனீக்களுக்காகத்தான். அன்று அடித்தது எந்த மருந்து என்று நான் புட்டியைப் பார்க்கவில்லை. எனக்கு இன்னும் உறுத்துவது வேறு. மறுநாள் அந்த மொட்டைத்தான் பறித்துத் தொடுத்து, மதினியின் பெண் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

அடுத்த இரண்டு வாரம் தெருவில் ஒரே புலம்பல். கூரையில் ஏற்றிய சர்க்கரைப் பூசணியில் பிஞ்சு வருகிறது, மஞ்சளாகி விழுகிறது. மதினி வீட்டுக் கொடியிலும் அப்படித்தான். விழுந்த பிஞ்சை வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் அது பழ ஈ. புழு இல்லாமல் நுனியிலிருந்து சுருங்கி வெம்பியிருந்தால் பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். எங்கள் தெருவில் வெட்டிய பிஞ்சுகளில் புழு இல்லை.

பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பெண் பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும், ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். விடியும்போது மலர்ந்து, வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். காலை எட்டு மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் சூலகமுடியில் மெதுவாகத் தடவ வேண்டும். ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூக்களுக்குப் போதும். மதினி கொடியில் நானே ஏணி போட்டு ஏறிச் செய்து காட்டினேன். தடவிய பூக்களில் முக்கால்வாசி காய்த்து நின்றது. மருந்து அடித்ததுதான் காரணம் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் தேனீ செய்த வேலையை ஏணி மேல் நின்று நாம் செய்கிறோம் என்பது மதினிக்கே புரிந்துவிட்டது. "இத்தனை நாளும் இதை யாரு செஞ்சா?" என்று கேட்டார்கள். நான் சுவர் ஓட்டையைக் காட்டினேன்.

சரி, மொட்டு ஊதாவாகி விழுந்தால் என்னதான் செய்வது? முதலில் மொட்டைப் பிரித்துப் பாருங்கள். ஓட்டை போட்டு, மொட்டுகளை நூலால் பின்னியிருந்தால் மொட்டுப்புழு. அடிப்பக்கம் வீங்கி, உள்ளே பொடிப் புழுக்கள் இருந்தால் மொட்டு ஈ. இரண்டுக்கும் முதல் வேலை, கெட்ட மொட்டை ஒன்று விடாமல் பறித்து அழிப்பது. செடி அடியில் போட்டுவிடக் கூடாது. மொட்டு ஈயின் கூட்டுப்புழு மண்ணுக்குள் இருக்கும். அதனால் தூரைச் சுற்றி லேசாகக் கொத்திவிட்டு, இரண்டு கை வேப்பம்பிண்ணாக்கு போடுங்கள். பிறகு வேப்பங்கொட்டைக் கரைசல். 50 கிராம் பருப்பை இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டுங்கள். கொஞ்சம் காதி சோப்புக் கரைத்துச் சேர்த்தால் இலையில் ஒட்டும். இதையும் பூப்பறித்த பிறகு, தேனீ அடங்கிய சாயங்காலத்தில்தான் அடிக்க வேண்டும். வேம்புதானே என்று பூத்திருக்கிற துளசி மேல் அடிக்காதீர்கள்.

பூ குறைகிறதே என்று இப்போதே மல்லிகையைக் கவாத்து பண்ணுகிறவர்கள் உண்டு. வேண்டாம். அது கார்த்திகையில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டுகிற வேலை. இப்போது காய்ந்த குச்சியை மட்டும் எடுங்கள். தண்ணீர் தட்டுப்பாடு தீராத தெருக்களில் அரிசி, காய் கழுவிய தண்ணீரே பூச்செடிக்குப் போதும், தூரில் சருகு மூடாக்கு இருந்தால். துணி துவைத்த தண்ணீரைக் கல்வாழைக்கு விடுங்கள், மல்லிகைக்கு வேண்டாம்.

வேப்பம்பழம் உதிர்கிற காலமும் இதுதான். எங்கள் தெருமுனை மரத்தடியில் இந்த ஆனியில் பிள்ளைகளை விட்டுப் பொறுக்கச் சொன்னோம். படிக்கு ஒரு ஐஸ் என்று பேச்சு. ஐஸ் செலவு என் தலையில். பழத்தைப் பிசைந்து தோல் நீக்கி, கொட்டையை நிழலில் காயவைத்துச் சாக்கில் கட்டிவிட்டோம். பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூசணம் பிடிக்கும். பொறுக்கிய மூன்று மாதத்துக்குப் பிறகு எடுத்தால் வீரியம் நன்றாக இருக்கும், ஓராண்டு பழசானால் குறைந்துவிடும். அந்தச் சாக்கு இப்போது இருப்பது மதினி வீட்டுப் பரணில். தெருவில் யார் செடியில் பூச்சி விழுந்தாலும் முதலில் அங்கே போய்க் கேட்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கோடி வீட்டுக்காரர், "இதெல்லாம் பாத்துட்டு இருந்தா பூப் பூக்குமா" என்றார். அவரிடம் ஒன்று மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறோம். அடிக்கிறதாக இருந்தால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், நாங்கள் சுவரோரத் துளசியைச் சாக்குப் போட்டு மூடிக்கொள்வோம்.

ஆடி பிறந்ததும் செண்டுமல்லி விதைக்கிறோம். ஒரு மாதத்தில் நாற்றைப் பிடுங்கி நட்டால் ஆயுத பூசைக்குப் பூ கிடைக்கும். தக்காளி, கத்தரிக்கு வேர்முடிச்சுப் போடும் நூற்புழுவையும் அந்த வேர் மட்டுப்படுத்தும். ஒரு வீட்டில் நாற்று விட்டு, தெருவுக்கே பிரித்துக் கொடுப்பதாக ஏற்பாடு. இந்த முறை நாற்று எங்கள் வீட்டில். சுவர் ஓட்டையில் தேனீ இன்னும் திரும்பவில்லை. துளசி பூத்திருக்கிறது, மதினி பக்கத்திலும் இரண்டு செடி வைத்திருக்கிறார்கள்.