பறக்கும் தட்டும் உவமவியலும்

கோயில் தூணில் நிற்கும் யாளியை எவரும் காட்டிற் கண்டதில்லை. ஆயினும் சிற்பி அதன் பல்லையும் நகத்தையும் அளவு பிசகாது செதுக்கியிருக்கிறான். காணாப் பொருளுக்கும் உருவம் சமைத்து மகிழ்வது மனித இயல்பு. அத்தகைய காணாப் பொருளொன்றைச் சென்ற கோடை விடுமுறையில் ஓசூரில் எங்கள் வீட்டு மேசைமேல் யான் பொருத்தி முடித்தேன். அது பறக்கும் தட்டின் பிளாஸ்டிக் மாதிரி. விளையாட்டாகத் தொடங்கிய அவ்வேலை எனக்கு இரண்டு பாடங்களைத் தந்தது. ஒன்று இலக்கணத்தைப் பற்றியது. மற்றொன்று என் தந்தையாரின் தொழிலைப் பற்றியது. அவற்றை மாணவ நண்பர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் வந்த வரலாறு

1947ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் கென்னத் ஆர்னால்டு என்னும் அமெரிக்கர், வாஷிங்டன் மாநிலத்து ரெய்னியர் மலைப் பக்கம் தம் சிறு விமானத்திற் சென்றுகொண்டிருந்தார். அப்போது ஒளி வீசும் ஒன்பது பொருள்கள் வரிசையாய் விரைந்து செல்லக் கண்டதாக அவர் கூறினார். செய்தித்தாள்கள் அவற்றிற்குப் ‘பறக்கும் தட்டு’ என்று பெயர் சூட்டின. நீர்மேல் வீசிய தட்டுத் தத்தித் தத்திச் செல்வதுபோல அவை சென்றன என்றே தாம் சொன்னதாகவும், பத்திரிகையாளர் அதனைத் தவறாகக் கொண்டனர் என்றும் 1950இல் அவர் விளக்கினார். படைத்துறையினர்க்கு அவர் வரைந்து தந்த உருவமோ முழு வட்டமன்று. முன்புறம் வளைந்து பின்புறம் குறுகியது. ஆயினும் பெயர் பரவியபின், வட்டத் தட்டுகளை வானிற் கண்டோம் என்பார் பலர் தோன்றினர்.

தமிழ் மாணவர்க்கு இதில் ஒரு சுவை உண்டு. உவமம் தோன்றும் வகையை வினை, பயன், மெய், உரு எனத் தொல்காப்பியர் நான்காக வகுத்தார். வினையாவது தொழில், மெய்யாவது வடிவு, உருவாவது நிறம். ஆர்னால்டின் விளக்கத்தின்படி அவர் கூறியது வினையுவமம். கேட்டோர் அதனை மெய்யுவமமாகக் கொண்டனர். மான்போல ஓடினான் என்றால் அவன் தலையிற் கொம்பு தேடுவார் உளரோ? இங்கு நிகழ்ந்தது அதுவே.

இவ்வாறு பிறந்த வடிவம் விரைவிலேயே கடைக்கு வந்தது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் லிண்ட்பெர்க் கம்பெனியார் பறக்கும் தட்டைப் பிளாஸ்டிக் மாதிரியாக விற்றனர். 1968இல் அரோரா கம்பெனியார் ‘தி இன்வேடர்ஸ்’ என்னும் தொலைக்காட்சித் தொடரில் வந்த தட்டை வெளியிட்டனர். அரோரா மறைந்தபின் அதன் எஃகு அச்சுகளுட் பல மோனோகிராம் கம்பெனியின் கைக்குச் சென்றன. எழுதியவர் மறைந்த பின்னும் ஏட்டைப் படியெடுப்பது போல, பழைய அச்சுகளிலிருந்து மீண்டும் வார்க்கின்றனர். சிறுவயதில் அவற்றை ஒட்டி விளையாடினோர் நரைத்தபின் மறுபடியும் தேடி வாங்குகின்றனர். பெங்களூரில் வேலை பார்த்த என் தாய்மாமன் அவ்வாறு வாங்கி, ஒட்டாமலே வைத்திருந்த பெட்டிதான் எனக்குக் கிடைத்தது.

அச்சும் வார்ப்பும்

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தபின் லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்யும் ஊராயிற்று. அருகிலுள்ள பெலகொண்டப்பள்ளியில் ஹன்சா என்னும் இரண்டிருக்கைப் பயிற்சி விமானங்களும் கட்டப்பட்டன. பெருந்தொழிலகங்களைச் சூழ, அவற்றிற்கு உறுப்புகள் வார்த்துக் கொடுக்கும் சிறு பட்டறைகள் பல உண்டு. அவற்றுள் ஒன்றில் என் தந்தையார் டூல் ரூம் ஃபிட்டர். யான் பொறியியல் பயிலாது தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்தபோது அவர் மறுக்கவில்லை, மகிழவும் இல்லை. ‘இதைப் படித்து என் செய்வாய்?’ என்னும் கேள்வி அவர் வாயில் வராவிடினும் முகத்தில் இருந்தது.

பெட்டியைத் திறந்ததும் அவர் அருகில் வந்தமர்ந்தார். உறுப்புகள் கோத்திருந்த சட்டத்தைக் கையிலெடுத்து, யான் செய்யுளைப் பதம் பிரிப்பதுபோல அதனைப் பிரித்துரைத்தார். பாலிஸ்டைரீன் மணிகளை இருநூறு டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருக்கி, இரண்டு எஃகுப் பாதிகள் கூடிய அச்சினுள் மிகுந்த அழுத்தத்தோடு செலுத்துவர். உருகியது ஓடிய வாய்க்காலே அச்சட்டம். ஆறியபின் அச்சுத் திறக்க, ஊசிகள் உறுப்பை வெளியே தள்ளும். உட்புறத்துச் சிறு வட்டத் தழும்புகள் அவ்வூசிகளின் அடையாளம். சுவர்கள் சற்றே சரிந்திராவிடின் உறுப்பு அச்சைவிட்டுக் கழலாது. இரண்டு கிண்ணங்களை வாயோடு வாய் கவிழ்த்தாற்போன்ற இத்தட்டோ எங்கும் கொக்கியின்றி எளிதிற் கழலும். அச்சுக்கு இதைவிட உகந்த வடிவம் அரிது என்றார் தந்தையார்.

பொருத்தும் முறை

முதலில் உறுப்புகளைத் திருகிப் பிய்க்காது, கூரிய கத்தியால் அறுத்தெடுக்க வேண்டும். சவுக்கார நீரிற் கழுவினால் வார்ப்பின் எண்ணெய்ப் பசை நீங்கும். பின்பு பசையிடாமலே பொருத்திப் பார்த்துப் பிசிறுகளைச் சீவுக. இதற்குரிய பசை சோற்றுப்பசை போன்றதன்று. அது பிளாஸ்டிக்கின் விளிம்பையே இளக்கி, இரண்டையும் ஒன்றாக உருகச் செய்வது. ஆகவே துளியளவு போதும்.

யான் மிகுதியாக இட்டேன். வழிந்த பசையை விரலால் துடைக்க, மேற்கவிகையில் என் கைரேகை பதிந்துவிட்டது. மேலும் துடைக்கப் போன கையைத் தந்தையார் பிடித்துக்கொண்டார். “இளகியதைத் தொடாதே, இறுகவிடு” என்றார். இரண்டு நாள் கழித்து, நீர் தொட்ட உப்புத்தாளால் மெல்லத் தேய்க்க ரேகை மறைந்தது. வார்ப்பதற்கு எளிய இத்தட்டு முடிப்பதற்கு அரியது என்பதையும் அப்போது உணர்ந்தேன். தட்டின் மூட்டுவாயோ விளிம்பு முழுதும் சுற்றி வருவது; அதை மறைக்க யாதொரு உறுப்பும் இல்லை. அதனைப் பட்டி பூசியும் தேய்த்தும் நிரப்ப நான்கு மாலைகள் சென்றன. இறுதியில் வெள்ளி வண்ணத்தை ஒரேயடியாகப் பூசாது, மெல்லிய பூச்சாக மும்முறை பூசினேன்.

முடிவுரை

வேலை முடிந்த இரவு, “இவ்வடிவம் யார் கண்டது?” என்று தந்தையார் வினவினார். ஆர்னால்டின் வரலாற்றையும் உவமத்தின் நால்வகையையும் எடுத்துரைத்தேன். அவர் நெடுநேரம் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மயிரிழை தவறினால் எங்கள் பட்டறையில் டையையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இவர்கள் ஒரு சொல் தவறியதற்கு டையே வெட்டியிருக்கிறார்களே!” என்று சொல்லி நகைத்தார்.

சொல்லைச் சரியாகக் கொள்வதும் ஒரு தொழிலே என்பதை அவர்க்கு விளக்க யான் இரண்டாண்டுகளாக முயன்று தோற்றிருந்தேன். மறுநாட் காலை, வாயிலில் நின்ற பட்டறை நண்பரிடம் அவர் வினை, பயன், மெய், உரு என்று விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். உரு என்பது நிறம் என்பதை மட்டும் மறந்து, உள்ளே திரும்பி என்னைக் கேட்டார்.