யாரால் பறிக்கப்பட்டது? – ஆங்கிலச் செயப்பாட்டுவினையைக் கற்பித்தல்

ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ் என்றதும் பல மாணவர்களுக்கு ஒரு வாய்பாடுதான் நினைவுக்கு வருகிறது: பின்னால் உள்ளதை முன்னால் கொண்டுவா, வினையை மாற்று, ‘பை’ சேர். தேர்வுக்கு இது உதவும். ஆனால், வாக்கியத்தை ஏன் மாற்ற வேண்டும் என்பதை இது சொல்வதில்லை. நீலகிரிப் பள்ளிகளில் அதற்கான விடையைத் தேயிலையைக் கொண்டே விளக்கலாம்.

தமிழிலிருந்து தொடங்குதல்

‘அம்மா இலையைப் பறிக்கிறார்’ என்பது செய்வினை. ‘அம்மாவால் இலை பறிக்கப்படுகிறது’ என்பது செயப்பாட்டுவினை. ‘ஆல்’ உருபின் வேலையை ஆங்கிலத்தில் ‘பை’ செய்கிறது. ‘படு’ என்னும் துணைவினையின் வேலையை ‘பி’ வினை செய்கிறது. இரு மொழிகளிலும் காலம் காட்டுவது இத்துணைவினையே. கரும்பலகையில் இப்படி எழுதலாம்:

- பறிக்கப்படுகிறது – இஸ் பிளக்ட்
- பறிக்கப்பட்டது – வாஸ் பிளக்ட்
- பறிக்கப்படும் – வில் பி பிளக்ட்

‘பிளக்ட்’ என்ற மூன்றாம் வடிவம் மாறவில்லை என்பதை மாணவர்களே கண்டுசொல்லட்டும்.

கவனிக்க வேண்டிய இரண்டு

பேச்சில் ‘இலைகள் பறிக்கப்பட்டது’ என்று சொல்லிப் பழகிய மாணவர், ‘லீவ்ஸ் வாஸ் பிளக்ட்’ என்று எழுதக்கூடும். ‘பறிக்கப்பட்டன’ என்ற எழுத்துத் தமிழை நினைவூட்டினால் ‘வேர்’ எளிதில் பதியும்.

அடுத்து, எல்லா வினைகளும் மாறுவதில்லை. ‘குழந்தை தூங்குகிறது’ என்பதில் ‘எதை?’, ‘யாரை?’ என்று கேட்டால் விடை இல்லை. செயப்படுபொருள் இல்லாத ‘ஸ்லீப்’ போன்ற வினையைச் செயப்பாட்டுவினையாக்க முடியாது.

செயல்பாடு

தேயிலைத் தொழிற்சாலையின் படிநிலைகளை அட்டைகளில் எழுதிக் குழுக்களுக்குக் கொடுங்கள்: வாட்டுதல், உருட்டுதல், நொதிக்கவைத்தல், உலர்த்துதல், தரம் பிரித்தல். ‘தி லீவ்ஸ் ஆர் விதர்ட்’, ‘தி லீவ்ஸ் ஆர் ரோல்ட்’ எனக் குழுவினர் வரிசையாகச் சொல்லட்டும். இங்கே பேச்சு இலையைப் பற்றியது. அதனால் செய்பவரைச் சொல்லாமல் விடுவது இயல்பாக இருக்கிறது. தொடக்க வகுப்புகளில் இதையே படங்களை அடுக்கும் விளையாட்டாகத் தமிழில் நடத்தலாம்.

விடுபடுபவர் யார்?

மேட்டுப்பாளையம் – குன்னூர் மலை ரயில் பாதை 1899இல் திறக்கப்பட்டது. 1908இல் உதகை வரை நீட்டிக்கப்பட்டது. இவ்வாக்கியம் பிழையற்றது. ஆனால் பாறையை உடைத்தவர், தண்டவாளம் சுமந்தவர் யாரும் இதில் இல்லை. ‘யாரால்?’ என்று வகுப்பில் கேளுங்கள். செயப்பாட்டுவினை செய்பவரை மறைக்கவும் வல்லது என்பது அப்போது புரியும். செய்தித்தாளில் ‘மரங்கள் வெட்டப்பட்டன’ என்று படிக்கும்போதும் அதே கேள்வி அவர்களுக்கு எழ வேண்டும்.

வீட்டுப்பாடமாக, தம் வீட்டில் ஒருவர் அன்றாடம் செய்யும் வேலையை ஐந்து ஆங்கில வாக்கியங்களில், முதலில் செய்வினையிலும் பிறகு செயப்பாட்டுவினையிலும் எழுதச் சொல்லுங்கள். எந்த வாக்கியத்தில் ‘பை’ தொடரை விடலாம், எதில் விடக்கூடாது என்று காரணத்துடன் சொல்பவருக்கும் மதிப்பெண் கொடுங்கள்.