காஞ்சிபுரத்தில் ஸ்மார்ட்போன் பழகுவோம்

புதிதாகக் கம்ப்யூட்டரும் ஸ்மார்ட்போனும் வாங்கியவர்கள் கண்ணில் படும் ஆப்களையெல்லாம் இறக்கி வைக்கிறார்கள், எதையும் பழகுவதில்லை. ஏதாவது ஓர் ஊரை வைத்துப் பழகினால் சுலபமாக வந்துவிடும். காஞ்சிபுரத்தை எடுத்துக்கொள்வோம்.

முதலில் வீட்டுக் கம்ப்யூட்டரில் கூகுள் மேப்ஸ் தளத்தைத் திறந்து, உங்கள் ஜிமெயில் கணக்கில் நுழையுங்கள். கைலாசநாதர் கோயிலைத் தேடி, 'சேமி' என்பதைக் க்ளிக் செய்யுங்கள். அதே கணக்கு போனிலும் இருந்தால் அந்த இடம் அங்கேயும் வந்துவிடும். அடுத்து, போனில் மேப்ஸைத் திறந்து மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, 'ஆஃப்லைன் வரைபடங்கள்' பகுதிக்குச் செல்லுங்கள். காஞ்சிபுரம் முழுவதும் கட்டத்துக்குள் வருமாறு வைத்து டவுன்லோடு செய்யுங்கள். இதை வீட்டு வைஃபையிலேயே முடித்துவிடுவது நல்லது.

இனி சிக்னல் போனாலும் நீங்கள் நிற்கும் இடத்தை நீலப் புள்ளி காட்டும். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவது. அதற்கு இன்டர்நெட் தேவையில்லை. ஆனால் ஆஃப்லைனில் வாகனத்துக்கான வழிதான் கிடைக்கும், நடந்து போகும் வழி கிடைக்காது. நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் புள்ளியைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டியதுதான். கோயில் நடை சாத்தும் நேரத்துக்கு மேப்ஸை நம்பாதீர்கள். உள்ளூர் ஆட்டோக்காரரைக் கேளுங்கள்.

கோயிலில் உள்ள ஆங்கில, இந்தி அறிவிப்புப் பலகைகளைக் கூகுள் லென்ஸ் கேமராவில் காட்டினால் தமிழில் படிக்கலாம். 8-ஆம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டிவைத்த தன் பட்டப்பெயர்களை அதனிடம் காட்டிப் பயனில்லை. அதற்குக் கல்வெட்டு அறிஞர்தான் வேண்டும்.

வீட்டிலிருந்தே பட்டுச்சேலை விற்பவர்களுக்கு 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் நல்ல ஆப். இலவசம்தான். சேலைகளின் படம், விலையைக் 'கேட்டலாக்'கில் போட்டு வைக்கலாம். படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். ட்யூப்லைட்டில் அரக்கு நிறம் வேறாகத் தெரிந்து, சேலை திரும்பி வரும்!

பணம் வாங்க பீம் போன்ற யுபிஐ ஆப் போதும். இங்கேதான் கவனம் தேவை. "சேலைக்கு அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்று யாராவது சொன்னால், அது மோசடி. பணம் பெற பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகிறது என்று அர்த்தம். "பணம் போட்டுவிட்டேன்" என்று அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் வரவு ஆகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே சேலையைக் கொடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வங்கிக்கும் உடனே சொல்லுங்கள்.