சுவரில் விரிசலா? பூசுவதற்கு முன் தேதி எழுதுங்க!



ஆவடி பக்கம் நம் உறுப்பினர் ஒருவர் வீடு பூச மறுபடியும் கடன் கேட்டார். ஏற்கனவே இரண்டு தடவை பூசிய அதே விரிசல்தான். நேரில் போய்ப் பார்த்தோம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுகிறது. மனையோ, ஏரி ஓரத்துப் பள்ளத்தில் கட்டட இடிசலைக் கொட்டி மேடாக்கியது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதியில் பல இடங்களில் களிமண். மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். கூடவே சுவரும் ஏறி இறங்கும். போர் போட்டு நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்தாலும் களிமண் அடுக்கு அமுங்கி நிலம் தாழும். ஜகார்த்தா நகரம் தாழ்வதற்கு இதுவும் முக்கியக் காரணம். டோக்கியோவில் தண்ணீர் எடுப்பதைக் கட்டுப்படுத்திய பிறகுதான் தாழ்வது பெருமளவு நின்றது.

விரிசலின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை சிமெண்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதுங்க. ஒரு மழைக்காலம், ஒரு கோடை பார்க்கணும். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகருது என்று அர்த்தம், பூச்சுக்காசு வீண். விரல் நுழையும் அளவு விரிந்தால் மட்டும் காத்திருக்காமல் இன்ஜினியரைக் கூப்பிடுங்க. குளியலறைத் தண்ணீர் அஸ்திவாரத்தில் தேங்கக் கூடாது. 2003-ல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்க் குழியும் சுவரை விட்டுத் தள்ளியே இருக்கட்டும்.

மனை வாங்குகிறவர்கள், அங்கே முன்பு தண்ணீர் நின்றதா என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரியுங்க. புரோக்கர் சொல்லமாட்டார்.

அந்த உறுப்பினர் வீட்டில் கண்ணாடி ஒட்டியாச்சு. கடன் மனு கோடை வரை நிற்கிறது. அவருக்கு நம்மேல் கொஞ்சம் வருத்தம்தான்.