பிங் போகுது, மெஷின் நிக்குது!

மூன்றாம் வருஷ லீவில் ஒரு பேக்கிங் லைனில் இன்டர்ன்ஷிப் பண்ணேன். அந்த லைன் ஷிஃப்டுக்கு நாலஞ்சு தடவை தானா நின்னுடும். டிரைவோட தொடர்பு போச்சுன்னு பிஎல்சியில் அலாரம் வரும். லேப்டாப்பைச் சொருகி டிரைவுக்கு பிங் அடிச்சேன், பதில் ஒழுங்கா வந்துச்சு. "நெட்வொர்க் ஓகே சார்"னு சொல்லிட்டேன். எதையோ தப்பா அழுத்துறார்னு பழி ஆபரேட்டர் அண்ணன் மேல போச்சு.

நான் சொன்னதுதான் தப்பு.

அங்கே ஓடினது ப்ரோஃபிநெட். பார்க்க நம்ம ஹாஸ்டல் லேன் மாதிரியேதான், 100 மெகாபிட் ஈத்தர்நெட். ஆனா பிரவுசரில் ஒரு பாக்கெட் தொலைஞ்சா டிசிபி திரும்ப அனுப்பிடும், நமக்குத் தெரியவே தெரியாது. பிஎல்சிக்கும் டிரைவுக்கும் நடுவில் ஓடுற சைக்ளிக் டேட்டா டிசிபி, ஐபி எதையும் தொடாமல் நேரா ஈத்தர்நெட் ஃப்ரேமில் ஏறிப் போகும். தொலைஞ்சதைத் திரும்பக் கேட்கிற பேச்சே இல்லை. கேட்டு வாங்குறதுக்குள்ள அது பழைய மதிப்பாகிடும், அடுத்த சைக்கிளில் புதுசே வந்துடுமே!

இப்போ கணக்குக்கு வருவோம். எங்க லைனில் அப்டேட் டைம் 2 மில்லிசெகண்ட். டேட்டா வராமல் 3 சைக்கிள் வரை பொறுத்துக்கும், வழக்கமான செட்டிங் அதுதான். ஆக வாட்ச்டாக் 6 மில்லிசெகண்ட். அதைத் தாண்டினா தொடர்பு போச்சுன்னு முடிவு பண்ணி டிரைவ் நின்னுடும். நிக்கத்தான் வேணும், கட்டளை வராத மோட்டார் சுத்திக்கிட்டே இருந்தா யார் கைக்கு ஆபத்து?

விண்டோஸ் பிங் நொடிக்கு ஒரு தடவைதான் கேட்கும். இரண்டு பிங்குக்கு நடுவில் 500 சைக்கிள் ஓடிடுது. அதில் 10 மில்லிசெகண்ட் ஓட்டை விழுந்தா பிங்குக்கு எப்படித் தெரியும்? (நெட்வொர்க்ஸ் லேப் வைவாவில் இதைக் கேட்டிருந்தா அப்பவே மாட்டியிருப்பேன்.)

கடைசியில் மெயின்டனன்ஸ் அண்ணன் ஒருத்தர் ஸ்விட்சோட வெப் பேஜைத் திறந்து போர்ட் கவுண்டர்களைக் காட்டினார். எல்லா போர்ட்டிலும் சிஆர்சி எரர் பூஜ்யம், ஒண்ணே ஒண்ணில் மட்டும் ஏறிக்கிட்டே இருந்துச்சு. அந்த கேபிள் டிராக் செயினுக்குள்ள போகுது. யாரோ அவசரத்துக்கு ஆபீஸ் பேட்ச் கார்டைப் போட்டிருக்காங்க. மெஷின் கை போய் வரும்போதெல்லாம் அது மடங்கி மடங்கி, உள்ளே கம்பி விரிசல் விட்டிருக்கு. டிராக் செயினுக்குன்னே வர்ற வளையும் கேபிளை, எம்12 கனெக்டரோட மாத்தினோம். அலாரம் நின்னுச்சு.

ஆபரேட்டர் அண்ணன்கிட்ட போய் சாரி சொன்னேன். "என்கிட்ட சொல்லி என்ன தம்பி, சூப்பர்வைசர்கிட்ட சொல்லு"ன்னார். சொன்னேன்.